பலா மரத்துக்குப் பரிஞ்சு பேசுனவ

எந்தம்பி குப்பண்ணனைப் பத்தி ஊருல கேட்டுப் பாருங்க, தங்கமான மனுசன், வாயில்லாப்பூச்சின்னு சொல்லுவாங்க. அந்த வாயில்லாததுதாங்க ஒருத்தியோட பொழப்பக் கெடுத்துச்சு. கூடப் பொறந்த அக்கா நானே சொல்றேன்.

கோயமுத்தூர்ப் பக்கம், சித்தூருக்குக் கெழக்க எங்க தோட்டம். கெணத்து மேட்டுல ஒரு பலா. வருசா வருசம் பிஞ்சு விடும், ஒண்ணுகூட முத்தாது, உதுந்துரும். தைப்பொங்கல் நோம்பிக்கு மறுநாள் தம்பி கோடாலிய ஓங்கி, "இந்த வருசமும் காய்க்கலீன்னா வெட்டிப்போடுவேன்"னு மரத்த மெரட்டுவான். அவன் பொண்டாட்டி முத்தாத்தா ஓடியாந்து அடிமரத்தக் கட்டிப் புடிச்சு, "உட்ருங்க, வாற வருசம் காய்க்கும்"பா. மெரட்ட ஒருத்தரு, பரிஞ்சு பேச ஒருத்தரு. காய்க்காத மரத்துக்கு அதுதான் வழமை.

கண்ணாலமாகி எட்டு வருசம், கொழந்தையில்ல. எழுவத்து மூணுல ரண்டு பேரும் கோயமுத்தூர்ல டாக்டரப் பாத்துட்டு வந்தாங்க. "எனக்கு ஒரு கொறையுமில்லைன்னுட்டாரு"ன்னான் தம்பி. அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. அப்பறமென்ன, பழி பூராவும் அவ மேல. எங்கம்மா மலடின்னா. நானுந்தான் சொன்னேன், என் நாக்கு அழுக! ரண்டு வருசத்துல, மகனுக்கு வேற பொண்ணு பாக்கோணும்னு அம்மா அவள அகளியில இருக்கற அவ அண்ணனூட்டுக்குத் தொரத்திப்போட்டா. தம்பி மாட்டுக் கழுத்தத் தடவிட்டே நின்னான்.

அடுத்த தைநோம்பி வந்துச்சு. கோடாலிய ஓங்குனான், சொல்ல வேண்டியதச் சொன்னான். பரிஞ்சு பேச ஆளில்ல. ஓங்குன கை அப்படியே நின்னுபோச்சு. "எறக்கு சாமி"ன்னு நான் ஓடுனேன். கோடாலியப் போட்டுட்டு ஓன்னு அழுதான்.

"அக்கா, கொற எனக்குத்தான். ஆம்பளையோட வித்து முத்தற வரைக்கும் அவன் ஒடம்புக்குள்ள ஒட்டிப் புடிச்சு நிக்கோணுமாம். எனக்கு அந்தப் புடிப்பில்லாம பிஞ்சுலயே உதுருதுன்னு டாக்டர் மைக்ராஸ்கோப்புல பாத்துச் சொன்னாரு. எதனாலன்னு அவருக்கே தெரியல. மருந்துமில்லையாம்."

"அடப் பாவி!"ன்னு ரண்டு அறை வெச்சேன். மறுநாளே அவன இழுத்துட்டு அகளிக்குப் பஸ் ஏறுனேன்.

முத்தாத்தா சொம்புல தண்ணி குடுத்தா. தம்பி வாங்காம, "கொற எம்மேல முத்தாத்தா"ன்னான்.

"தெரியுமுங்க. நீங்க வெளிய போனப்ப டாக்டர் எங்கிட்டயும் சொன்னாரு. நான் சொன்னா உங்களுக்குத் தலக்குனிவுன்னு வாயத் தொறக்கல. நீங்களா ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு வாசல் தாண்டற வரைக்கும் பாத்துட்டே இருந்தேன். ஒரு மரத்துக்குப் பத்து வருசம் நான் பரிஞ்சு பேசுனேனுங்க."

சொம்ப வெச்சுட்டு உள்ள போயிட்டா. எங்ககூட வரவுமில்ல.

தம்பி ஊரெல்லாம் சொல்லிட்டான், கொற எனக்குத்தான்னு. கண்ணு கெட்ட பின்னால சூரிய நமஸ்காரம்! வேற கண்ணாலமும் பண்ணிக்கல. இப்பத் தைநோம்பி வந்தா கோடாலிய எடுக்கறதில்லைங்க. மரத்தடியில போய் நின்னுட்டு, "உட்ருங்க, வாற வருசம் காய்க்கும்"னு அவனே சொல்லிக்கறான்.