பொட்டியில் விழாத கறுப்புச் சிப்பாய்

டக்.

காலி மரப்பெட்டிக்குள் ஒரு செஸ் சிப்பாய் விழுகிற சத்தம். இன்றைக்கும் எங்காவது அந்த மாதிரி சத்தம் கேட்டால் எனக்குக் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும்...

அப்போது எனக்கு இருபத்தாறு வயசு. மதுரையில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் கிளார்க். எங்கள் செஸ் சங்கத்தின் கமிட்டியில் ஏழு பேரில் ஒருவன். என் நண்பன் ஜஸ்டின் ஒரு மிஷன் ஸ்கூலில் கணக்கு வாத்தியார், அவனும் கமிட்டியில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஸ்கூல் வகுப்பறையில்தான் மீட்டிங். சாக்பீஸ் தூசியும், வாசலில் விற்கிற பருத்திப்பால் வாசனையும்...

எங்களிடம் ஒரு வினோதமான பழக்கம் இருந்தது. ஓட்டெடுப்பு என்றால் கை தூக்கக் கூடாது. முன்பு கை தூக்கியதால் டீக்கடை வரைக்கும் சண்டை போயிருக்கிறது. அதனால் ஆளுக்கு ஒரு வெள்ளைச் சிப்பாய், ஒரு கறுப்புச் சிப்பாய். சம்மதம் என்றால் வெள்ளை, இல்லை என்றால் கறுப்பு. மூடின கையோடு ஒன்றை மஞ்சப்பைக்குள் போட வேண்டும். கையில் மிஞ்சியதை மரப்பெட்டிக்குள். டக். யார் எதைப் போட்டார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

அந்த வருடம் வந்த பிரச்சனை, டோனர் என்ட்ரி. செலக்‌ஷன் டோர்னமெண்ட்டில் முதல் நான்கு இடம் வந்தவர்கள்தான் நேஷனல்ஸ் போவார்கள், அதுதான் வழக்கம். இப்போது தோற்றவர்களும் பெரிய தொகை கட்டினால் நேரே போய் ஆடலாம் என்று மேலிருந்து சுற்றறிக்கை வந்துவிட்டது. ஒரே நிபந்தனை, உள்ளூர்ச் சங்கம் ஒப்புதல் கடிதம் தர வேண்டும். தருவதா, வேண்டாமா?

"காசுல ஒரு பங்கு நமக்கும் வரும்ல? நாலு கிளாக்காச்சும் வாங்கலாம்யா. எம்புட்டு நாளைக்கு இந்த ஓட்டைக் கடிகாரத்த வச்சு மாரடிக்கிறது?" இது செயலாளர் ரத்தினம் அண்ணன்.

ஜஸ்டின் பெஞ்சைத் தட்டினான். "அண்ணே, எழுமலையில இருந்து ஒரு பய மூணு பஸ் மாறி வந்து ஆடுறான். அவன் ஜெயிச்சு வாங்குற சீட்ட இன்னொருத்தன் காசு குடுத்து வாங்குனா, அப்புறம் எதுக்குண்ணே செலக்‌ஷன்? இழுத்து மூடிருவோம்!"

நான் வாயே திறக்கவில்லை. ஏனென்றால் அந்தத் தடவை செலக்‌ஷனில் ஜஸ்டின் நான்காவது. நான் அரைப் புள்ளியில் ஐந்தாவது. திருநகரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த என் மச்சான், "நீங்க போங்க மாப்ள, பணத்த நான் கட்டுறேன்" என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். நேஷனல்ஸ் ஒரு தடவையாவது ஆடிவிட வேண்டும் என்பது எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து இருந்த வெறி. அது ஜஸ்டினுக்கும் தெரியும்.

மீட்டிங்குக்கு முன்னால், "மாப்ள, நீ நம்ம பக்கம்தான?" என்று கேட்டான்.

"பின்ன?" என்றேன். சத்தியமாக, சொன்னபோது அப்படித்தான் நினைத்தேன்.

மஞ்சப்பை என்னிடம் வந்தது. வெள்ளையைப் போட்டேன்.

நாலு வெள்ளை, மூணு கறுப்பு. ரத்தினம் அண்ணன் எண்ணிச் சொன்னதும் ஜஸ்டின் முகத்தைப் பார்க்க முடியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பழங்காநத்தம் தாண்டும்போது சட்டைப் பையில் என்னமோ உறுத்தியது. கறுப்புச் சிப்பாய்! பதற்றத்தில் பெட்டிக்குள் போடாமல் பையில் போட்டிருக்கிறேன்.

திருப்பிக் கொடுக்க முடியாது. கையில் கறுப்பு மிஞ்சியது என்றால் போட்டது வெள்ளை. மடையன் மாதிரி என் ஓட்டை நானே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த ஞாயிறு போனால், ஓட்டுக்குச் சிப்பாய்களை எடுத்த அந்த செட்டில் ஒரு கறுப்புச் சிப்பாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தைல பாட்டில் மூடி. பச்சைக் கலர். "பயலுக எவனாவது தொலைச்சிருப்பான்" என்று ஜஸ்டின் சொன்னான். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

நான் நேஷனல்ஸ் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன். நான் திறந்துவிட்ட கதவு வழியாக வேறு மூன்று பேர் போனார்கள். அடுத்த வருடம் செலக்‌ஷனுக்குப் பாதிப் பேர்கூட வரவில்லை. எழுமலைக்காரனும் வரவில்லை.

போன வாரம்... என் மகள் செலக்‌ஷனில் அரைப் புள்ளியில் கோட்டைவிட்டாள். போனை நீட்டினாள். "அப்பா, இந்த பட்டன அமுக்கிப் பணம் கட்டுனா போலாமாம்."

இப்போது கமிட்டி இல்லை, கடிதம் இல்லை, மஞ்சப்பையும் இல்லை. ஒரு பட்டன்தான்.

பீரோவில் இருந்த கறுப்புச் சிப்பாயை எடுத்துக்கொண்டு ஜஸ்டின் வீட்டுக்குப் போனேன். அவனுக்குத் தலை நரைத்துவிட்டது, இன்னும் பிள்ளைகளுக்கு அதே செட்டில் சொல்லிக் கொடுக்கிறான். மேஜையில் வைத்தேன். அவன் ஆச்சரியப்படவே இல்லை, சிப்பாயைப் பார்த்துச் சொன்னான்.

"வாடா வா... இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா ஒனக்கு?"

"ஒனக்குத் தெரியுமா?"

"பொட்டிய ஏந்திக்கிட்டு வந்தது யாரு? நான்தான? ஆறு சத்தம்தான் மாப்ள கேட்டுச்சு. ஒங்கிட்ட வந்தப்ப கேக்கல. மத்தவுங்க எண்ணிப் பாக்குறதுக்கு முந்தி வீட்டுல கெடந்த மூடிய எடுத்தாந்து வச்சேன்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லடா."

"கேட்டா நீ பொய் சொல்லிருப்ப. அப்புறம் ஞாயித்துக்கெழம யாருகூட வெளாடுறது?"

சிப்பாயைப் பெட்டிக்குள் போட்டான். டக். பச்சை மூடியை என் கையில் கொடுத்து அனுப்பினான்.

வீட்டுக்கு வந்து மகளிடம் ஒன்று விடாமல் சொன்னேன். "அப்ப நீங்க வெள்ளையாப்பா போட்டீங்க?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக.

பட்டனை அமுக்குவதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். நேற்றுப் பார்த்தேன். போன் ஒரு பக்கம் கிடக்கிறது. அவள் போர்டை விரித்து, தோற்ற ஆட்டத்தை முதலிலிருந்து ஆடிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கறுப்பு வரிசையில் ஒரு சிப்பாய்க்குப் பதிலாக அந்தப் பச்சை மூடி.