புளித்த மரத்துக்கு அக்கா பொறுப்பல்ல

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். அதற்காகவே தம்பியாகிய நான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது சதுரங்கப்பட்டினத்தில். அப்பா சாத்துக்குடி ஒட்டுக்கன்று போட்டு விற்றவர். அவருக்குக் கூடமாட உழைத்தது அக்காதான். எழுபதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் வாழ்க்கைப்பட்டார். அந்த வீட்டுக் கொல்லையில் ஒரு சாத்துக்குடி மரம். அதன் இனிப்பைப் பற்றி அவர்கள் பீற்றிக்கொள்ளாத நாளில்லை.

அக்கா முழுகாமல் இருந்தபோது, அந்த மரத்தில் ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே முள்ளோடு ஒரு கிளை கிளம்பியது.

"அத்த, இது அடிக்கட்டையிலேர்ந்து வர்ற காட்டு எலுமிச்ச. இப்பவே அறுத்துடணும். வுட்டா நல்ல மரத்த முழுங்கிடும்" என்றார் அக்கா.

"புள்ளத்தாச்சி கீற வூட்ல பச்ச மரத்துல கத்தி வெப்பாங்களா? வாய மூடிகினு போ" என்றார் மாமியார்.

பிரசவத்துக்கு வந்த அக்கா பெண் குழந்தையோடு திரும்பியபோது, கிளை ஆளுயரம் தாண்டியிருந்தது. செழிப்பாக இருக்கிறது என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே நல்ல கிளைகள் காய்ந்தன. பிறகு காய்த்ததெல்லாம் அந்தக் காட்டுக் கிளையில்தான்; வாயில் வைக்க முடியாத புளிப்பு.

"இவ கால் வெச்ச நேரம், இனிச்ச மரமே புளிச்சிப் போச்சி. ராசி கெட்டவ."

மாமியார் இதை ஊர் முழுக்கச் சொன்னார். அக்காவையும் குழந்தையையும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்ட அத்தான், அழைத்துப்போக வரவே இல்லை.

அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்தார். மகளைப் பள்ளியில் சேர்த்தார். யாரையும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. போன ஆண்டு மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது.

ரவிக்கைத் துணி கொடுத்து ஆதரித்த அணுமின் நிலையக் குவார்ட்டர்ஸ் அம்மாக்களுக்கும், கடைசி வரை கூட இருந்து பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு மீன்காரம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

காரியத்தன்று புடவை, மஞ்சள், குங்குமத்தோடு அந்த வீட்டாரும் வந்தார்கள். அதே மாமியார், "பூவும் பொட்டுமா போயிட்டாளே, குடுத்து வெச்ச மவராசி!" என்று மாரில் அடித்துக்கொண்டார். அத்தான் தலைகுனிந்து நின்றார். இன்று வருடத் திதிக்கும் வருவார்கள். இலை போடுவோம். அவர்களுக்கு நன்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.