பட்டியலில் விடுபட்ட ஊக்கு

1989 ஆகஸ்டு 14, திங்கட்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து, ஆபீசுக்கு விடுப்புக் கடிதம் எழுதினேன். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி நான். என் மனைவி சரோஜாவுக்குத் தோல் இறுகும் நோய். அவளுக்கு விரல்கள் மடங்காததால், மூன்று ஆண்டுகளாக நான்தான் அவள் தாலியில் கோத்திருக்கும் ஊக்குகளில் ஒன்றை எடுத்துச் சேலைக்குக் குத்திவிடுகிறேன்.

நோய் நுரையீரலையும் தொட்டுவிட்டதா என்று பார்க்க, காந்தத்தால் படம் எடுக்கும் புது இயந்திரத்துக்காக அன்று எங்களைக் கோலாலம்பூருக்கு வரச் சொல்லியிருந்தார்கள். உடம்பில் இரும்பு இருக்கக் கூடாதாம். பட்டியல் போட்டு, வளையல், தோடு எல்லாம் வீட்டிலேயே கழற்றினேன். தாலிக்கொடிக்குப் பதில் மஞ்சள் கயிறு கட்டினேன். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேரும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது.

ஆஸ்பத்திரி உடைக்கு மாறியதும், "உடம்புல இரும்பு ஏதும் இருக்கா, அக்கா?" என்று தாதி கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "எல்லாம் பாத்துட்டேன் லா, மிஸ்ஸி."

அறைக்குள் நாலடி வைத்ததும் அவள் கழுத்துக் கயிறு தானாக எழும்பி இயந்திரத்தை நோக்கி நீண்டது. தாதி அவளைப் பின்னால் இழுத்துவிட்டார். கயிற்றில் இரண்டு ஊக்குகள். காலையில் கைப்பழக்கத்தில் நானே மாட்டியவை.

"லிஸ்ட்டுல என்னத்தத்தாங்க எழுதுனீங்க?" என்றாள் சரோஜா.

அவற்றைக் கழற்றிய பிறகு படம் எடுத்தார்கள். நுரையீரலின் அடியில் நோய் தொடங்கியிருந்தது, மருந்து கொடுத்தார்கள். அவளிடம் யாராவது கேள்வி கேட்டால், இப்போதெல்லாம் நான் முந்திக்கொண்டு பதில் சொல்வதில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, ஊக்குகளை நாட்காட்டி ஆணியில் மாட்டி, அங்கிருந்து ஒன்றை எடுத்து அவள் சேலைக்குக் குத்தினேன்.