அண்ணி தூக்கிய கை

எங்கள் வீட்டில் யாரையாவது துடைப்பக்கட்டை என்று திட்டினால் அது திட்டே இல்லை, பதவி. என் அண்ணன் பெண்டாட்டி, அதாவது என் அண்ணி, நம் நாட்டுப் பெண்கள் கர்லிங் அணியில் துடைப்பம் பிடிக்கிறவள். சட்டையில் நாட்டின் கொடியைக் குத்திக்கொண்டு பனி விளையாட்டுக்கு விமானம் ஏறுகிறவள், வீட்டில் கூடத்தைப் பெருக்கச் சொன்னால் மட்டும் தோள் வலிக்கிறது என்பாள். நான் நாத்தனார். சொல்லிக் காட்டாமல் இருப்பேனா?

அண்ணிக்கு நாற்பத்தாறு வயது. பிழைப்பு, ஊர்ப் பனித்தளத்தில் ஷூ கொடுக்கும் ஜன்னலில். சறுக்க வருகிறவர்கள் தங்கள் செருப்பைக் கழற்றிக் கொடுத்தால், காலுக்கேற்ற சறுக்கு ஷூவை எடுத்துத் தருவாள். அளவு கேட்கவே மாட்டாள். ஆள் வாசலிலிருந்து நடந்து வருவதற்குள் அவள் கை சரியான அலமாரிக்குப் போயிருக்கும். திரும்பி வரும் ஷூவுக்குள் மருந்து அடித்து, நாடாவைத் தளர்த்தி, ஈரம் காய வரிசையாக அடுக்குவாள். பதினெட்டு வருஷமாக ஊரான் காலை முகர்ந்து பிழைக்கிறேன் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பன்னிரண்டு வருஷம் முன்பு ஒருநாள் அங்கே ஆடும் பெண்கள் அணியில் ஒருத்திக்குக் காய்ச்சல். ஆள் குறைகிறது, சும்மா வந்து நின்றால் போதும் என்று ஜன்னலில் இருந்தவளைக் கூப்பிட்டார்கள். சும்மா நிற்பது அண்ணிக்குத் தெரியாத ஒரே வேலை. அன்று அவள் துடைத்த வேகத்தைப் பார்த்தவர்கள் காய்ச்சல்காரியை மறந்தே போனார்கள். அந்த அணிதான் பின்னால் நாட்டு அணி ஆனது.

ஆட்டம் இவ்வளவுதான். அம்மிக்கல் கனத்தில் ஒரு வழவழப்பான கல்லைப் பனியில் தள்ளிவிடுவாள் ஒருத்தி. அதற்கு முன்னால் இரண்டு பேர் ஆளுக்கொரு துடைப்பத்தால் பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். தேய்க்கத் தேய்க்கக் கல் தூரம் போகும். அந்தக் கோடியில் ஒரு வட்டம். யார் கல் நடுவுக்கு நெருக்கமோ அவர்களுக்கு மதிப்பெண். இதுக்கு ஒரு போட்டியா, அதுக்கு ஒரு கோப்பையா என்று முதலில் கேட்டவள் நான்தான். இப்போது தொலைக்காட்சி முன் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துகிறவளும் நான்தான்.

இந்த ஆட்டத்தில் ஒரு வினோதப் பழக்கம் உண்டு. ஓடுகிற கல்லின் மேல் துடைப்பம் பட்டுவிட்டால் அது தப்பாட்டம். ஆனால் அதை நடுவர் கண்டுபிடிக்க மாட்டார். பட்டவர்களே கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். அதன்பிறகு அந்தக் கல்லை வைத்துக்கொள்ளலாமா எடுக்கலாமா என்று முடிவு செய்வது எதிரணித் தலைவி. திருடனே வந்து சாவியைக் கொடுப்பதுபோல ஒரு சட்டம்! இதை அண்ணி சொன்னபோது நான் நம்பவில்லை.

அண்ணியோடு ஜோடியாகத் துடைப்பது எங்கள் பல் டாக்டரம்மா. எங்கள் என்றால், நான் அவர் க்ளினிக்கில்தான் வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். முப்பத்திரண்டு வயதுதான் அவருக்கு. வேலையை வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான். அதற்கு முன் மூன்று இடங்களில் இருந்தேன். மூன்றையும் என் வாய் தின்றுவிட்டது. அணித்தலைவி தபால் ஆபீஸில் இருக்கும் ஒரு அம்மா. கடைசிக் கல்லை அவர்தான் தள்ளுவார்.

நாலு வருஷம் கீழ்ப்பிரிவில் கிடந்து உருண்டு, இந்தத் தடவைதான் பத்து நாடுகள் ஆடும் மேல்பிரிவுக்கு நம் அணி ஏறியது. கடைசி இரண்டு இடத்துக்கு வருகிறவர்கள் மறுபடி கீழே. கீழே விழுந்தால் அணியைக் கலைத்துப் புதிதாக ஆள் எடுப்போம் என்று தேர்வுக் குழு முன்பே சொல்லிவிட்டது. புதிதாக என்றால் இளசாக. நாற்பத்தாறு வயதுத் தோளை எவன் எடுப்பான்? மேலே நின்றால் அண்ணிக்கு ஆட்டம் உண்டு, விழுந்தால் ஷூ ஜன்னல் மட்டும்தான்.

எட்டு ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தார்கள், ஆறு தோற்றார்கள். ஒன்பதாவதில் ஜெயித்தால் எட்டாம் இடம், பிழைத்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டம். அண்ணன் பக்கத்து அறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணி ஆடுவதைப் பார்க்கும் தைரியம் அவருக்குக் கிடையாது. இந்தப் போட்டி ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டில் கைக்குட்டை, தலையணை உறை, தரை துடைக்கும் துணி உட்பட எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன.

"என்ன ஆச்சு?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"சமம். நம்ம கடைசிக் கல்லு பாக்கி."

தபாலம்மா கல்லை விட்டார். அண்ணி ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம், குனிந்து தேய்த்துக்கொண்டே ஓடினார்கள். வேகம் போதாது என்றுதான் எனக்குப் பட்டது. தலைவி போட்ட கூச்சலில் தொலைக்காட்சியே அதிர்ந்தது. கல் ஊர்ந்து, வட்டத்துக்குள் வந்து, எதிரிக் கல்லைவிட ஒரு சாண் உள்ளே போய் நின்றது. ஜெயித்துவிட்டோம்! நான் எழுந்து குதித்தேன். அண்ணன் இஸ்திரிப்பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

திரும்பிப் பார்த்தால், அண்ணி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"யாராவது கேட்டாங்களா? உன்ன யாராவது கேட்டாங்களா?" என்று நான் தொலைக்காட்சியைப் பார்த்து அலறினேன். எனக்கு மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. எதிரணித் தலைவி வந்து குனிந்து பார்த்தாள், அண்ணி தோளில் தட்டினாள், கல்லை வெளியே தள்ளிவிட்டாள். ஒரு மதிப்பெண்ணில் தோல்வி. ஒன்பதாம் இடம். பக்கத்து அறையில் அண்ணனின் நல்ல சட்டை ஒன்று கருகிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரத்தில் அண்ணி போன் செய்தாள். ஆறியபின் பேசுகிற ஜாதி இல்லை நான்.

"உங்க நேர்மைய வச்சு நாக்கு வழிக்கக்கூட முடியாது, தெரியுமா? உங்களால அணியில மத்த மூணு பேர் ஆட்டமும் சேர்ந்து போச்சு."

"சரி, அண்ணன் சாப்பிட்டாரா?" என்றாள்.

உள்ளூர்ப் பத்திரிகை, 'கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை' என்று தலைப்புப் போட்டு, அண்ணி கை தூக்கி நிற்கும் படத்தை முதல் பக்கத்தில் போட்டது. செவ்வாய்க்கிழமை அணி ஊர் திரும்பியது. அண்ணி பெட்டியை வைத்துவிட்டு நேரே வேலைக்குப் போனாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. சனிக்கிழமை புது அணித் தேர்வு. கல்லைத் தொட்டவளுக்கு இனி இடமில்லை என்று கடைத்தெருவில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதைக் கேட்கவும் பிடிக்கவில்லை, அண்ணியை மன்னிக்கவும் மனசு வரவில்லை.

வியாழக்கிழமை காலை க்ளினிக் திறந்தது. முதல் ஆள் வருவதற்குள் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். முகம் வீங்கியிருந்தது.

"அந்தக் கல்லத் தொட்டது உங்க அண்ணி துடைப்பம் இல்ல. என்னோடது" என்றார்.

கையிலிருந்த நேரம் குறிக்கும் நோட்டை மேஜையில் வைத்தேன்.

"பட்டது எனக்குத் தெரிஞ்சுது. கை தூக்கணும்னும் தெரியும். தூக்க முடியல. யாரும் பாக்கலயேன்னு தோணிச்சு. நிமிர்ந்தா, எதிர்ல உங்க அண்ணி கைய தூக்கிட்டாங்க. யாரோட துடைப்பம்னு யாரும் கேக்கல. நானும் சொல்லல. திரும்பி வர்ற பஸ்ல சொல்ல வந்தப்பவும், தூங்குங்க டாக்டர், அப்புறம் பாத்துக்கலாம்னுட்டாங்க."

"அப்புறம்னா எப்ப? நாலு நாளா ஊரே எங்க அண்ணியக் காறித் துப்புது. நீங்க ஒரு வார்த்தை பேசல! நீங்கெல்லாம் ஒரு..." நல்லவேளை, அதற்கு மேல் எனக்கு மூச்சு வாங்கியது.

"திட்டுங்க" என்றார் அவர். "தபாலம்மா வீட்டுக்குப் போய் இன்னிக்குக் காலைலயே எல்லாம் சொல்லிட்டேன். அவங்க என்னயும் கூட்டிட்டு நேரா குழுத் தலைவர் வீட்டுக்குப் போய்ட்டாங்க. உங்க அண்ணி இல்லாம நான் கல்லு தள்ள மாட்டேன்னு சொல்லிட்டாங்க. அவரும் ஒத்துக்கிட்டார், உங்க அண்ணி இடம் உறுதி. எனக்கு உண்டா இல்லையான்னு உங்க அண்ணிகிட்டயே கேளுன்னு விட்டுட்டாங்க."

சாப்பாட்டு நேரம் எப்போது வரும் என்று காத்திருந்து பனித்தளத்துக்கு ஓடினேன். ஒரு பள்ளிக்கூடமே வந்து இறங்கியிருந்தது. ஜன்னலுக்கு முன்னால் நீண்ட வரிசை. அண்ணி நாடா கட்டிக்கொண்டிருந்தாள். வரிசையை இடித்துக்கொண்டு போய் நின்றேன்.

"ஏன் சொல்லல?"

"எதை?"

"நடிக்காதீங்க. டாக்டர் எல்லாத்தையும் கொட்டிட்டாங்க."

அண்ணியின் முகம் மலர்ந்துவிட்டது. "சொல்லிட்டாளா? சொல்லுவா, எனக்குத் தெரியும். நல்ல பொண்ணு. அன்னிக்குப் பயந்துட்டா, அவ்வளவுதான். அவ இல்லாம எனக்கு யாரு ஜோடி?"

"அவங்க பழிய நீங்க ஏன் சுமக்கணும்?"

"ரெண்டும் நம்ம அணித் துடைப்பம்தானே? எது பட்டா என்ன, கல்லு எடுக்க வேண்டிய கல்லுதான்."

"அது ஊருக்குச் சொல்லுங்க. எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? நாக்கு வழிக்கன்னு பேசினேனே, அப்பவாவது, அடியே, அது நான் இல்லடின்னு சொல்லியிருக்கலாம்ல?"

அண்ணி கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தாள்.

"உங்கிட்டயா? சொல்லியிருந்தா அவ ஊருக்கு வந்து எறங்குறதுக்குள்ள நீ க்ளினிக் வாசல்ல நின்னு தொண்டை கிழியக் கத்தியிருப்ப. அவளே ஒடஞ்சு போய்க் கெடந்தா. அந்த வேகத்துல உன்ன வேலைய விட்டு அனுப்பியிருப்பா. எனக்கு அணி போனா இந்த ஜன்னல் இருக்கு. நீ இந்த ஒரு வேலைக்குத்தான்டி காலைல பாட்டுப் பாடிக்கிட்டே கெளம்புற."

நான் பாடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. என் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. வரிசையில் நின்ற பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள்.

"அழறதுன்னா உள்ள வந்து அழு" என்றாள் அண்ணி. "ஜன்னல மறைக்காத, பாவம், பசங்க நிக்குதுங்க."

நான் உள்ளே போய், ஈர ஷூக்களுக்கு நடுவில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, மனசு தீர அழுதேன்.