மூன்றாவது கியரும் செல்வமேரி அக்காவும்

மழையில் உப்புப் பாத்திகள் மூழ்கிக் கிடந்த வாரம் அது. கூனிமேட்டில் ஒரு கடையில் நின்றிருந்தபோது செல்வமேரி அக்காவின் மகனிடமிருந்து போன் வந்தது. "சித்தி, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றான். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். நான் சொல்வதற்கு முன்பே, "உங்க சங்கத் தலைவரம்மாவா?" என்று கேட்டார். அந்த ஊரிலும் அவரைத் தெரியாதவர்கள் குறைவு.

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களுக்குச் சங்கம் என்று ஒன்று இருப்பதே அவரால்தான். நான் அதன் செயலாளராக அவர் கூடவே இருந்தவள். அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்த வண்டி விவகாரத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

சுனாமிக்கு அடுத்த கோடையில், விடிவதற்குள் பெண்களைப் பாத்திக்குக் கொண்டுபோகவும், மற்ற நேரத்தில் வாடகைக்கு விடவும் சங்கப் பணத்தில் ஒரு பழைய பெரிய வண்டி வாங்கினோம். பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம். ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்காரர் பத்திரமாக ஓட்டியது என்றார் திண்டிவனத்துத் தரகர். பெயின்ட் பளபளத்தது. ஓட்டிப் பார்த்தபோது சத்தமே இல்லை. அக்கா தலையசைத்தார், வாங்கிவிட்டோம்.

மாதம் முடியவில்லை. மூன்றாவது கியர் போட்டால் தானாகக் கழன்று விழுந்தது. பின்பக்கம் அழுவதுபோல் ஒரு சத்தம். கிளட்ச் கருகும் வாடையில் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வந்தார்கள். மெக்கானிக் கியர் பாக்ஸைத் திறந்ததும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பல் உடைந்த சக்கரங்கள். சத்தம் வெளியே கேட்காமல் இருக்க, மரத்தூள் கலந்த கெட்டி ஆயிலை உள்ளே அடைத்திருந்தார்கள். பின் அச்சுக்குள்ளும் அதே கதை. எல்லாவற்றையும் சரிசெய்ய, வண்டி வாங்கிய விலையில் பாதி ஆகும் என்றார்.

அக்கா அன்றே கூட்டம் போட்டார். இப்படியே வேறு யாருக்காவது விற்றுவிடலாம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று வாங்கினீர்கள் என ஒரு பெண் நேராகவே கேட்டாள். அக்கா எழுந்து நின்றார்.

"ஒண்ணும் தெரியாது. பெயின்ட்டப் பார்த்து ஏமாந்துட்டேன். ஏமாந்தது நான். ஏமாத்தினது வேற ஆளு. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க. இத மறைச்சி இன்னொருத்தர் தலையில கட்டுனா, அப்புறம் நானும் அந்த ஆளும் ஒண்ணு."

வண்டியைத் தரகரிடமே கொண்டுபோவது என்று முடிவானது.

மறுநாள் உப்பு லாரியில் கயிறு கட்டி வண்டியை இழுத்துக்கொண்டு திண்டிவனம் போனோம். தரகரின் வாசல் ஓரமாக நிறுத்திவிட்டு நிழலில் உட்கார்ந்தோம். வழியிலேயே அக்கா எங்களிடம் சொல்லியிருந்தார்: "நடந்தத மட்டும் சொல்லுங்க. கோவத்தக் கலக்காதீங்க."

தரகர் சிரித்தார். பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும், பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்றார்.

"பார்த்துத்தாங்க வாங்கினோம். மரத்தூள மட்டும் நீங்க காட்டல" என்றார் அக்கா.

தரகர் உள்ளே போய்விட்டார். சற்று நேரத்தில் கிளியனூர் பக்கமிருந்து ஒரு விவசாயி மகன்களோடு வண்டி பார்க்க வந்தார். நாங்கள் ஏன் உட்கார்ந்திருக்கிறோம் என்று கேட்டார். எங்கள் வண்டியில் மூன்றாவது கியர் நிற்காது, உள்ளே மரத்தூள் இருந்தது, மற்ற வண்டிகளைப் பற்றித் தெரியாது என்று அக்கா அமைதியாகச் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை. அந்த விவசாயி, தான் பார்க்க வந்த வண்டிக்குப் போய், கியர் பாக்ஸைத் திறந்து காட்டச் சொன்னார். தரகர் மழுப்பினார். அவர்கள் கிளம்பிவிட்டார்கள். அடுத்து வந்தவரும் அதையே கேட்டார்.

போலீஸைக் கூப்பிடுவேன் என்று தரகர் மிரட்டினார். "கூப்பிடுங்க. அவங்ககிட்டயும் இதையேதான் சொல்லுவேன்" என்றார் அக்கா. அவர் சொம்பிலிருந்து தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

வெயில் தாழ்வதற்குள் தரகர் இறங்கி வந்தார். எங்கள் மெக்கானிக்கிடமே புதுச் சாமான்கள் போட்டுத் தருவதாகவும், மொத்தச் செலவும் தன்னுடையது என்றும் ஒத்துக்கொண்டார். அக்கா சாமான் செலவை மட்டும் ஏற்கச் சொன்னார். வேலைக்கூலியைச் சங்கம் கொடுக்கும் என்றார். திரும்பும்போது ஏன் என்று கேட்டேன். "தொறந்து பாக்காம வாங்கினோமில்ல? அது நம்ம பங்கு" என்றார்.

வண்டி சரியாகி வந்த அன்று, பெண்கள் எல்லோரும் ஏறிக்கொண்டு மரக்காணம் கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றினோம். மூன்றாவது கியர் கழலாமல் நின்றபோது உள்ளே கைதட்டல் எழுந்தது. டிரைவர் பக்கத்தில் அக்கா ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அந்தத் தரகரே பிறகு, தன்னை நம்பத் தயங்கிய இரண்டு பேரிடம், மரக்காணத்து அந்தம்மாவிடம் விசாரித்துவிட்டு வாருங்கள் என்று அக்காவைக் கைகாட்டியதாகக் கேள்விப்பட்டேன்.

அக்காவை அடக்கம் செய்த நான்காம் நாள், கூலி பேச ஓர் உப்பள முதலாளியின் அலுவலகத்துக்கு நான் முதல்முறையாகத் தனியாகப் போனேன். அவர் மேசையைத் தட்டிக் கத்தினார். நான் குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். செல்வமேரி அக்கா எனக்கு விட்டுப்போனது அதுதான்.