அயோடின் ரூமிலிருந்து போன தயிர்சாதம்

1. கையைப் பார்த்துப் பொரிந்த மீட்டர்

ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது கையையும் காலையும் கதிர்வீச்சு மீட்டரில் காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். எங்கள் டிபார்ட்மெண்டில் அது சட்டம். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமாகக் காட்டிக்கொண்டிருந்தேன். எப்போதாவது ஒரு ‘டிக்’ கேட்கும், அவ்வளவுதான். அன்று பகல் இரண்டு மணிக்கு வலது உள்ளங்கையை நீட்டினேன். காய்ந்த எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி பொரிந்து தள்ளியது.

“கன்னியம்மா, சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க,” என்றார் சுமதி மேடம். அவர் ஆர்.எஸ்.ஓ., அதாவது கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி. என் மகள் வயசு இருக்கும்.

கழுவினேன். சத்தம் பாதியானது. நிற்கவில்லை.

“க்ளவுஸ் இல்லாம எதைத் தொட்டீங்க?”

எதைத் தொட்டேன் என்று எனக்குத் தெரியும். சொன்னால் வேலை போகும் என்றும் தெரியும். பாத்ரூம் குழாய் என்று சொல்லிவிடலாமா என்று அரை நிமிஷம் யோசித்தேன்.

2. அந்த ரூம்

மயிலாப்பூரில் ஒரு ஆஸ்பத்திரி. அதில் நியூக்ளியர் மெடிசின் டிபார்ட்மெண்டில் நான் ஹவுஸ்கீப்பிங். தைராய்டு கேன்சருக்கு ஆபரேஷன் ஆனவர்களுக்கு கதிர் வீசும் அயோடின் மாத்திரை கொடுத்துத் தனி ரூமில் வைப்பார்கள். சில நாள் அவர்களுடைய எச்சில், வியர்வை, சிறுநீர் எல்லாவற்றிலும் கதிர் வரும். அதனால் அந்த ரூமின் கக்கூஸ் தண்ணீர் நேரே சாக்கடைக்குப் போகாது. பேஸ்மெண்டில் டிலே டேங்க் என்று பெரிய தொட்டி இருக்கிறது, அங்கே தங்கும். குப்பையை மீட்டரில் பார்த்து, தேதிச் சீட்டுக் கட்டி, டிகே ரூமில், அதாவது கதிர் அடங்கும்வரை வைக்கிற அறையில், ஈயப் பெட்டிக்குள் பூட்டுவோம். மிச்சச் சோறு நாறாமல் இருக்க அங்கேயே ஒரு பழைய ஃப்ரிட்ஜும் உண்டு. சேரும்போது எனக்குக் கையெழுத்தும் எண்களும்தான் தெரியும். தேதிச் சீட்டுக்கு அது போதும். ஒரு சீட்டுகூட நான் தப்பாகக் கட்டியதில்லை.

என் பாதி வயசு அடையாற்றங்கரைக் குடிசையில் போனது. ஊரே எல்லாவற்றையும் ஆற்றில் கொட்டியதைப் பார்த்தவள் நான். இது ஆற்றுக்குப் போகக் கூடாது என்று ஒருத்தர் தண்ணீரைக் கட்டிவைத்துக் காவல் காப்பதை இங்கேதான் முதலில் பார்த்தேன். எனக்கு அது பெரிய அதிசயம். மேடத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

“பூட்டி வெச்சா கதிரு எங்க போவும் மேடம்?”

“எங்கயும் போகாது. தானா அடங்கும். எட்டு நாளைக்கு ஒருதரம் பாதியாகும்.”

“பாதி பாதியாப் போனா எப்பதான் தீரும்?”

“நல்லாக் கேட்டீங்க. முழுசாத் தீர்ற வரைக்கும் இல்ல, மீட்டருக்கே தெரியாத அளவுக்குக் குறையற வரைக்கும் வெச்சிருப்போம்.”

இவ்வளவும் தெரிந்தவள்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

3. வாய் வைக்காத சோறு

அன்று அந்த ரூமில் மாடவீதிப் பக்கத்து மாமி ஒருவர் இருந்தார். காலையில் கதவோரம் நின்று கூப்பிட்டார்.

“கன்னியம்மா, நாக்கு மரத்துப் போயிடுத்து. நேத்திக்கு வந்த தயிர்சாதத்துல ஒரு வாய்கூட வைக்கலை. எச்சலே படலை. அன்னத்தைக் குப்பையில போட மனசு வரலை. எங்காத்துல இருந்தா பசுவுக்குப் போட்டிருப்பேன்.”

சொல்லிக்கொண்டே தன் கையால் அள்ளிக் கவரில் போட்டு நீட்டினார். எனக்கும் மனசு வரவில்லை. சோற்றை எறிந்து வளர்ந்தவள் இல்லை நான். எச்சில் படாத சோறு சுத்தமான சோறு, பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த கணக்கு அதுதான். கவர் வாயை முடிச்சுப் போட க்ளவுஸ் வழுக்கியது. கழற்றிவிட்டு முடிந்தேன். கேன்டீன் பின்பக்கம், மாட்டுக்கென்று வைத்த கழனித்தண்ணி டிரம்மில் கொட்டினேன். பச்சையம்மா மத்தியானம் வந்து டிரம்மை எடுத்துப் போவாள். பக்கத்துச் சந்தில் அவளுக்கு இரண்டு மாடு. சுற்றிலும் குழந்தை இருக்கிற வீடுகளுக்கு அவள் பால்தான்.

4. மூன்று மணிப் பால்

அரை நிமிஷம் கழித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மேடம் திட்டவில்லை. “மாடு எப்ப கறப்பாங்க?” என்று மட்டும் கேட்டார்.

“மூணு மணிக்கு.”

மீட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். போகிற வழியில் சொன்னார், மாடு தின்ற அயோடின் பாலில் இறங்குமாம். அந்தப் பாலைக் குடித்தால் குழந்தையின் கழுத்தில் இருக்கிற தைராய்டில் போய் உட்காருமாம்.

நாங்கள் போகும்போது பச்சையம்மா மாட்டின் மடியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“கறக்காத பச்சையம்மா.”

“இன்னாக்கா, இப்டி ஓடியாந்துக்கினு கீற? கேன்டீனை மூடிட்டாங்களா?”

மேடம் மீட்டரை மாட்டின் வாயருகே கொண்டுபோனார். பொரிந்தது.

“மாட்டுக்கு இன்னா டெஸ்ட்டு மேடம் இது? சளி கிளி ஒண்ணும் இல்லியே.”

“எந்த மாடு தின்னுச்சு?”

“செவப்பிதான். கருப்பிக்கு இன்னும் வெக்கல.”

மேடம் விவரம் சொன்னார். பச்சையம்மா என் பக்கம் திரும்பினாள்.

“எச்ச சோத்தையா எம்மாட்டுக்குப் போட்ட?”

“எச்சல் இல்லடி. அந்தம்மா வாயே வெக்கல.”

“அப்றம் இன்னா?”

எனக்கும் அதே கேள்விதான். மேடம்தான் பதில் சொன்னார். “வாய் படல, கை பட்டுச்சு. அந்த ரூம்ல வியர்வையும் எச்சில் மாதிரிதான். அளவு ரொம்பக் கம்மியா இருக்கும். ஆனா கம்மின்னு நானே நெனச்சுக்கிட்டு பாலை வெளிய விட முடியாது. அளக்கணும்.”

“கறக்காம வுட்டா மடி கட்டிக்கும் மேடம்.”

“கறங்க. செவப்பி பாலை மட்டும் எங்க கேன்ல ஊத்துங்க.”

“எதுக்கு சொமந்துக்கினு? சாக்கடைல ஊத்திடறேன்.”

“சாக்கடை எங்க போகுது?”

பச்சையம்மா கால்வாய்ப் பக்கம் பார்த்தாள். கேனை வாங்கிக்கொண்டாள். டிரம்மில் மிச்சமிருந்ததும் எங்களோடு திரும்பி வந்தது. கன்றுக்குட்டியைச் செவப்பியிடமிருந்து பிரித்துக் கருப்பியிடம் விட்டோம். கருப்பி உதைத்தது.

அதன் பிறகு தினமும் காலையில் நான்தான் பால் கேனை எடுத்து வந்து சீட்டுக் கட்டி ஃப்ரிட்ஜில் வைத்தேன். மேடம் சந்துக்கு வந்து மாட்டை அளப்பார். முதல் நாள் வாயில் கேட்ட சத்தம் மறுநாள் வாயில் இல்லை. கழுத்தில் கேட்டது. கொஞ்சம்தான். ஆனாலும் யாரும் வழி சொல்லாமல் அது தானாகக் கழுத்தைத் தேடிப் போயிருந்தது. மாமிக்கு அந்த மாத்திரையை எதற்குக் கொடுத்தார்கள் என்பது எனக்கு அந்த மாட்டுக் கொட்டகையில்தான் புரிந்தது.

வாடிக்கை வீடுகளுக்கு நானும் பச்சையம்மாவோடு போய் நடந்ததைச் சொன்னேன். சிலர் என்னைத் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் மெமோ கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன். வேலை போகவில்லை. கழனி டிரம் கேன்டீனோடு நிற்க வேண்டும், வார்டுச் சோறு எதுவும் அதில் விழக் கூடாது என்று அன்றைக்கே மாற்றினார்கள்.

5. ஒரு டம்ளர்

சில வாரம் கழித்து, செவப்பி பாலில் இனி ஒன்றுமில்லை, வீடுகளுக்கு ஊற்றலாம் என்று மேடம் எழுதிக் கொடுத்தார். நானே காகிதத்தைக் கொண்டுபோனேன். பச்சையம்மா அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகினாள். கறந்தாள். காய்ச்சி ஒரு டம்ளர் என் முன்னால் வைத்தாள்.

“மொதல்ல நீ குடி.”

குடித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா மாரி கீது?”

“பால் மாரி கீது.”

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பொருள் சுத்தமாகத் தெரிகிறதா என்று பார்க்காதீர்கள். அது எந்த ரூமிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். தப்பு நடந்துவிட்டால் உடனே வாயைத் திறங்கள். நான் குழாயைத் தொட்டேன் என்று சொல்லியிருந்தால் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன், மூன்று மணிப் பால் குழந்தைகளுக்குப் போயிருக்கும். கையில் இருக்கிறது என்றுதான் மீட்டர் சொல்லும். மாட்டுக்குப் போனதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.