மந்தர பஞ்சமத்தில் ஒரு குரல்

என் அண்ணாவுக்கு எதுவும் பிடிக்காது. அந்த எதுவும் என்பதில் முதல் இடம் எனக்கு. செம்பூரில் உட்கார்ந்து நான் கம்ப்யூட்டரில் செய்துகொடுக்கும் நடனப் பாட்டுகளைக் கேட்டுவிட்டு, ரிங்டோன் மாதிரி இருக்கிறது என்பான். அதைச் சொல்வதற்காகவே மாட்டுங்காவிலிருந்து போன் செய்வான். அவன் பெண் ஆடிப் பழகுவதற்கு நான் அனுப்பியதற்கும் அதே மரியாதைதான் கிடைத்தது.

எரிச்சல் என்னவென்றால், அவன் சொன்னது நிஜம். நான் கம்ப்யூட்டரில் எழுதும் மிடி கோப்பில் சத்தமே கிடையாது. எந்த ஸ்வரம், எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். ஒலியைக் கம்ப்யூட்டர் தன் கையிருப்பிலிருந்து எடுத்துப் போடும். என் கம்ப்யூட்டரின் கையிருப்பில் இருந்த வீணை ஒரு தகர டப்பா.

நிஜ வீணையைப் பதிவு செய்து ஏற்றுவதென்று முடிவு செய்தேன். அண்ணாவின் மனைவி, என் மன்னி, கல்யாணத்துக்கு முன்னால் நன்றாக வாசித்தவள். அண்ணா கேலி செய்தே அவள் வீணையை உறைக்குள் போக வைத்திருந்தான். நான் கேட்டதும் மறுபேச்சில்லாமல் உறையைக் கழற்றினாள். மின்விசிறியை நிறுத்தி ஜன்னலைச் சாத்தினோம். ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாக ஒருமுறை, நடுத்தரமாக ஒருமுறை, அழுத்தி ஒருமுறை மீட்டினாள். நாதம் முழுக்க அடங்கும்வரை இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். கடைசியாக மந்தர பஞ்சமம், கீழ் ஸ்தாயியின் 'ப'. அது அடங்கிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையிலிருந்து அண்ணா கத்தினான்.

"பக்வாஸ். சுத்தக் குப்பை. மூடி வை."

மன்னி மூடி வைத்துவிட்டாள். இன்னொரு முறை மீட்டச் சொல்லிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுத்தம் செய்தேன். லோக்கல் ரயிலின் உறுமல், புறா, மன்னியின் வளையல் எல்லாவற்றையும் எடுத்தேன். அவன் குரலையும் எடுத்திருக்கலாம். நாதத்தின் வாலைக் கொஞ்சம் முன்னால் வெட்டினால் தீர்ந்தது. வெட்டவில்லை. அவள் மீட்டியதை இவனுக்காக நான் ஏன் குறைக்க வேண்டும்? எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

மறு வாரம் அவர்கள் ஹாலில் பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். பெண் ஆட ஆரம்பித்தாள். வீணை வீணையாகவே கேட்டது. குறை சொல்ல வழியில்லாமல் அண்ணா கடுப்பில் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். பாட்டு மந்தர பஞ்சமத்தில் வந்து நிற்கும் இடத்திலெல்லாம், நாதத்துக்கு அடியில் அந்தக் குரலும் வந்தது. மூன்றாம் தடவை அவன் முகம் மலர்ந்தது. அவனுக்குக் குறை கிடைத்துவிட்டது.

"யார்டா அவன், வாசிக்கறச்சே மூடி வைன்னு கத்தறவன்? மேனர்ஸ் இல்லாத ஜன்மம்."

நான் வாயைத் திறப்பதற்குள் மன்னி, "நீங்கதான்" என்றாள்.

பெண் ஆடுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அண்ணாவின் கால் நின்றது. மன்னி என் பக்கம் திரும்பி, "இன்னொரு தரம் போடு" என்றாள்.

சத்தத்தைக் கூட்டி வைத்துப் போட்டேன்.